உள்ளுக்கு ஒண்ணு, வெளிக்கு ஒண்ணு

கிட்டாரை மேல் தட்டுல போடாதீங்க தம்பி. டிரைவர் ஒரு பிரேக்கு போட்டான்னா கழுத்து ஒடிஞ்சுரும். கிட்டாரோட கழுத்தைச் சொன்னனுங்க. மடியில வெச்சுக்கங்க, நான் சன்னலோரம் ஒதுங்கிக்கறேன். எங்க, சோமனூருங்களா? நானும் அங்கதான். கருமத்தம்பட்டி தாண்டற வரைக்கும் இந்த பஸ்ஸு உருட்டிக்கிட்டுத்தான் போகும்.

சத்தமாப் பேசறனேன்னு பாக்காதீங்க. தறிக்குடோன்ல பொறந்து வளந்தவன் நான். எங்கப்பன் சோமனூர்ல பன்னெண்டு விசைத்தறி ஓட்டுனாரு. குடோனுக்குள்ள காதுக்கு வேலையே இல்லீங்க, அங்கத்த ஜனம் வாயைப் பாத்துத்தான் பேசிக்கும். அந்தக் கோடியில நின்னு ஒரு அக்கா 'சோறு உண்டாச்சா'ன்னு உதட்டை அசைச்சா, இந்தக் கோடியில நான் தலையாட்டுவேன். அதனால நீங்க மெதுவாவே பேசுங்க, நான் வாயைப் பாத்தே எடுத்துக்குவேன்.

என்னைத் தெரியுதுங்களா? கிட்டாரு வெச்சிருக்கறீங்க, 'தறி' பேண்டு நாஷைத் தெரியாமயா இருக்கும்? நாச்சிமுத்துங்க பேரு. மேடைக்கு நாஷ். அட, ஏன் நகந்து உக்காரறீங்க? பெரிய ஆளு பக்கத்துல உக்காந்துட்டமேன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, சும்மா சாஞ்சு உக்காருங்க.

இன்னிக்கி மில்லு மைதானத்துல எங்களுக்கு இருவத்தஞ்சாவது வருசத்து ஷோ. வேன்ல எடமில்லைன்னுட்டாங்க பசங்க. பொட்டி, டிரம்மு, வயரு எல்லாம் ஏத்துனா மனுசனுக்கு எங்கிருந்து எடம் வரும்? 'அண்ணா, நீங்க பஸ்ல சொகமா வாங்க, ஏழரைக்கு மேடையில நின்னாப் போதும்'னாங்க. ஒரு வயரைக்கூடத் தொட விடமாட்டாங்க என்னை. அந்தளவுக்கு மரியாதை.

ஷோ ஆயிரம் பண்ணியாச்சுங்க. இன்னிக்கி மட்டும் என்ன விசேசமுன்னா, உன்னி வர்றான். பாலக்காட்டுல இருந்து. முன்வரிசையில நாற்காலி போட்டு வெக்கச் சொல்லியிருக்கறேன். அவன் உக்காந்து, 'அறுந்த நூலு' பாட்டோட ஆரம்பத்தை என்ற கை வாசிக்கறதைக் கேக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். அதைக் கேட்டுட்டு அவன் மூஞ்சி போற போக்கைப் பாத்துட்டன்னா, நாளைக்கே கிட்டாரைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்.

உன்னி யாருன்னா கேக்கறீங்க? சொல்றேன், மொதல்ல இருந்து சொல்றேன்.

நாங்க நாலு பேரு. இஞ்சினியரிங் காலேஜுல ஒட்டுக்காப் படிச்சம். உன்னி லீடு கிட்டாரு. ஷாநவாஸ் டிரம்மு. அமலதாஸ் பாட்டு. நான் ரிதம் கிட்டாரு, தலைவரு, எல்லாம். ஞாயித்துக்கெழமை தறிக்கு லீவுங்கறதால எங்கப்பன் குடோன்ல பிராக்டீஸ். 'தறி'ன்னு பேரு வெச்சது நான். தறி ஓடற தாளத்தை டிரம்முல கொண்டாந்தது ஷாநவாஸு, ஆனா தறி யாருது? எங்கப்பனுது. அப்ப அந்தத் தாளம் யாருது? நீங்களே சொல்லுங்க.

அந்தக் காலத்துல சவுண்டுக்குன்னு தனியா ஆளு கெடையாது. மிக்சரு என்ற காலடியில இருக்கும். திங்கற மிக்சர் இல்லீங்க, சத்தத்தைக் கலக்கற பொட்டி. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். அதுல ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு நாப் உண்டு, சத்தத்தை ஏத்தி எறக்கற திருகு. ஒண்ணு வெளிக்கு, அது ஜனங்க கேக்கற பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். இன்னொண்ணு உள்ளுக்கு, அது மேடையில நம்ம காலுக்கு முன்னால கெடக்குமே, மானிட்டரு, அதுக்குப் போகும். ஜனங்களுக்குக் கேக்கறது வேற, நமக்குக் கேக்கறது வேற. இது தெரிஞ்சவன்தான் பேண்டு நடத்த முடியும்.

அமலதாஸு நல்லாத்தான் பாடுவான். இல்லேங்கல. அஞ்சு வயசுல இருந்து சர்ச்சு கொயர்ல பாடுனவன். ஆனா ஜனங்க 'தறி, தறி'ன்னு கத்தறதை விட்டுட்டு 'அமல், அமல்'னு கத்த ஆரம்பிச்சாங்க. சரி, பொறுத்துக்கிட்டேன். பொறகு மெட்ராஸுல இருந்து ஒருத்தன் வந்து 'இந்தப் பையனை மட்டும் அனுப்புங்க, பாட வெச்சுப் பாக்கறோம்'னான். மட்டுமா! என்ற குடோன்ல, என்ற கரண்டுல கத்துக்கிட்டு, மட்டும் போவானா?

நான் சண்டையெல்லாம் போடல. சண்டை போடறவன் முட்டாளுங்க. அடுத்த ஷோவுல பாதிப் பாட்டுல காலைக் குனிஞ்சு சொறியற மாதிரி, உள்ளுக்குப் போற அவன் நாபை மட்டும் கொஞ்சம் கொறைச்சேன். அவன் பாடறது ஊருக்கே கேக்குது, அவனுக்கு மட்டும் கேக்கல. தன் குரலு கேக்கலீன்னா பாடறவன் என்ன பண்ணுவான்? கத்துவான். கத்துனா சுருதி ஏறும். ஏறறதும் அவனுக்குத் தெரியாது. ஜனங்க ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. ஷோ முடிஞ்சு வந்து, 'நாச்சி, எப்புடிடா இருந்துச்சு?'ன்னான். 'கொஞ்சம் அப்படி இப்படி இருந்துச்சு, தூக்கம் பத்தலியா?'ன்னேன். அடுத்த ஷோவுல இன்னும் கொஞ்சம் கொறைச்சேன். ஒரேயடியா மூடக்கூடாதுங்க, மூடுனா கண்டுபிடிச்சுருவாங்க. சாயத்துல துணி நனையற மாதிரி மெல்ல மெல்லப் போகணும்.

மெட்ராஸுக்காரன் நாலாவது ஷோவுக்கு வந்தான், பாதியில எந்திரிச்சுப் போயிட்டான். அமலனுக்கு மேடையிலேயே கண்ணு கலங்கிப்போச்சு. நான்தான் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போனேன். 'காதுல ஏதோ கோளாறுடா அமலா, கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடு'ன்னேன். அவனே வெலகிக்கிட்டான். ஒரு வார்த்தை கடுமையாச் சொல்லியிருப்பனா? இல்லியே.

அவிய அம்மா ஒருநாளு எங்கூட்டுக்கு வந்துச்சு. 'தம்பி, சர்ச்சுலகூடப் பாடமாட்டேங்கறான். காதைப் பொத்திப் பொத்திப் பாக்கறான், கட்டில்ல குப்புறப் படுத்துக்கறான். நீ பாட்டு தெரிஞ்ச ஆளு, ஒரு தடவ வந்து, நல்லாத்தான் பாடறடான்னு சொல்லிட்டுப் போ தம்பி'ன்னு அழுதுச்சு. 'காது டாக்டருகிட்டக் காட்டுங்கம்மா'ன்னேன். காட்டுனாங்களாம். காதுல ஒண்ணும் இல்லைன்னுட்டாராம். அதுக்கு நான் என்ன பண்ணட்டுமுங்க?

சிரிக்க மாட்டேங்கறீங்களே? இது சிரிக்கற கதைங்க தம்பி. இத்துனூண்டு நாபு. வெரல் நுனி அளவு கூட இல்ல.

அடுத்தது உன்னி. 'அறுந்த நூலு' பாட்டுக்கு ஆரம்பத்துல ஒரு கிட்டாரு வருமுல்ல, நூலு அந்துபோய்த் தறி நிக்கற மாதிரி சர்ருன்னு எறங்கி வந்து நிக்கும். ஊரு பூரா அதை வாயாலயே வாசிக்கும். ஆமா, அதை மொதல்ல வாசிச்சது உன்னிதான். ஆனா எங்க உக்காந்து வாசிச்சான்? என்ற குடோன்ல, எங்கம்மா போட்ட காப்பியக் குடிச்சுட்டு. சிடி போட்டப்ப அட்டையில 'ஆரம்ப இசை: உன்னி'ன்னு போடச் சொன்னான். 'போட்டாப் போச்சு'ன்னு சிரிச்சேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அவனுக்கு உள்ளுக்குப் போற பாட்டைக் கொறைச்சேன். பாட்டு எங்க போகுதுன்னு தெரியாம, முன்னாலயே பூந்து பூந்து வாசிச்சான். மேடையிலேயே ஜனங்க சிரிச்சாங்க. ரெண்டு மாசத்துல பெட்டியைக் கட்டிட்டான். அதுக்குள்ள அந்த ஆரம்பத்தை நான் கையில ஏத்திக்கிட்டேன். இப்ப நாஷோட ஆரம்பமுன்னுதான் சொல்றாங்க.

ஷாநவாஸுதான் கொஞ்சம் வெவரம். ஒருநாளு மேடைக்குப் பொறகால வந்து நின்னுக்கிட்டு, 'நாச்சி, உன்ற கை அடிக்கடி கீழ போகுதே?'ன்னான். 'கொசுடா'ன்னேன். அடுத்த ஷோவுக்கு அவன் நாபுக்கும் கொசு கடிச்சுருச்சு. தாளம் தப்புன டிரம்மரை எவன் வெச்சுக்குவான்? இப்ப உக்கடத்துல செருப்புக்கடை வெச்சிருக்கான்.

அதுக்கப்பறம் எத்தனையோ பேரு. வந்தாங்க, போனாங்க. ஒருத்தன் முடி வளத்தான், ஒருத்தன் பேட்டியில என்ற பேரைச் சொல்ல மறந்துட்டான். பாதிப் பேரோட பேரு எனக்கே மறந்துபோச்சுங்க. பேண்டு மட்டும் நிக்குது. இருவத்தஞ்சு வருசமாப் படத்துல மாறாத மூஞ்சி என்றது ஒண்ணுதான்.

நீலாம்பூரு தாண்டிட்டம் போல. காத்து சில்லுன்னு அடிக்குதுங்களா? கண்ணாடிய எறக்கிடறேன்.

ஆனா எனக்கும் எரக்கம் உண்டு தம்பி. மூணு வருசத்துக்கு முன்னால ஒருநாளு அமலதாஸு என்ற ஊட்டு வாசல்ல வந்து நிக்கறான். முடியெல்லாம் நரைச்சுப்போயி. செல்போன் கடையில வேலைக்கு நின்னானாம், அதுவும் போச்சாம். 'பாட வரல நாச்சிண்ணா, வேற எந்த வேலைன்னாலும் குடுங்க'ன்னான். அண்ணான்னு கூப்புட்டான் பாருங்க, ஒரே வயசுக்காரன். எனக்கு மனசு எளகிருச்சு. மிக்சருகிட்ட உக்காரச் சொன்னேன். எனக்கும் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிருந்துச்சு.

நானேதான் சொல்லிக் குடுத்தனுங்க. 'இது வெளிக்கு, இது உள்ளுக்கு. வெளிய மூடுனா ஊருக்குக் கேக்காது, அவனுக்குக் கேக்கும். உள்ள மூடுனா ஊருக்குக் கேக்கும், அவனுக்குக் கேக்காது.' அந்த உள்ளுக்குப் போற நாபு மேல வெரலை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். பொறகு, 'அண்ணா, நாம பாடுன காலத்துலயும் இது இருந்துச்சுங்களா?'ன்னு கேட்டான். 'இதே பொட்டிதாண்டா அமலா'ன்னேன். 'ஓ'ன்னான். அந்த நாபை ஒருக்கா மூடித் தொறந்து பாத்துக்கிட்டான். தொழில் கத்துக்கறதுல அவ்வளவு ஆர்வம் அவனுக்கு.

பாவம், அதுலயிருந்து நன்றியோட இருக்கறான். மிக்சரை மேடையில வெச்சா அசிங்கமா இருக்குதுன்னு கீழ எறக்கி, வலது ஓரத்துல கருப்புத் துணி கட்டி, அதுக்குப் பொறகால உக்காந்துக்குவான். 'அண்ணா, மானிட்டர்ல உங்களுக்கு ஃபுல்லா வெச்சிருக்கறேன்'பான். ஃபுல்லுன்னா ஃபுல்லுங்க! என்ற கிட்டாரு எனக்கு அப்படிக் கேக்குது, இத்தனை வருசத்துல அப்படிக் கேட்டதே இல்ல. இன்னொரு அதிசயம் சொல்றேன். எனக்கு இப்ப வெரலு சித்த மரத்துப்போகுது, சர்க்கரை இருக்குதுல்ல. அந்தக் கடைசி எறக்கத்துல கை தடுமாறும். மானிட்டர்ல தப்புன்னு தெரியும். ஆனா ஜனங்களுக்குத் தெரியறதே இல்ல! 'பெரிசு இன்னும் கத்தி மாதிரி வாசிக்குது'ன்னு சொல்றாங்க. அமலன் அப்படிக் கலக்கறான். அவனை நம்பித்தான் இன்னிக்கி உன்னியவே கூப்புட்டேன். கூப்புடச் சொல்லி யோசனை சொன்னதும் அமலன்தான்.

உங்க போனுதாங்க அடிக்குது. எடுங்க, எடுங்க. நான் வெளிய பாத்துக்கிட்டு இருக்கறேன்.

...

பேசியாச்சுங்களா?

நல்லது.

தம்பி, ஒண்ணு கேப்பேன். குரலைக் கொறைச்சுக்கிட்டீங்க, சரி. வாயை மறைக்க மறந்துட்டீங்களே, சன்னல் கண்ணாடியில நல்லாவே தெரிஞ்சுதுங்க. ஆரம்பத்துலயே சொன்னனுல்ல, குடோன்ல வளந்தவன்னு?

'அமலண்ணா, பஸ்ஸுலதான் வர்றேன். ஏழுக்குள்ள துணிக்குப் பொறகால உக்காந்துருவேன்.' அப்படித்தான சொன்னீங்க? பொறகு, 'அவரு பக்கத்துலதாண்ணா இருக்காரு. இல்லண்ணா, அவருக்கு ஒண்ணும் தெரியாது.' எதுங்க எனக்குத் தெரியாது?

எந்திரிக்காதீங்க. கெடக்கட்டும் கிட்டாரு. எந்தத் துணி? எங்க மேடையோட வலது ஓரத்துல கட்டற துணியா? அதுக்குப் பொறகால மிக்சரும் அமலனும்தான இருக்கும். அங்க கிட்டாரு வெச்சிருக்கற ஆளுக்கு என்ன வேலை?

கையைக் காட்டுங்க. இந்தக் கை இல்ல, இடது கை.

வெரல் நுனியெல்லாம் காச்சுப்போயி இருக்குது. உன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு. என்றதைப் பாரு கண்ணு, என்றதும் காச்சுத்தான் கெடக்குது. நானும் வாசிச்சுக்கிட்டுத்தான இருக்கறேன்? ஒவ்வொரு ஷோவும் வாசிக்கறனே?

எத்தனை நாளா?

அமலன் வந்ததுல இருந்தேவா.

அப்ப போன மாசியில பல்லடத்துல, 'இன்னொருக்கா, இன்னொருக்கா'ன்னு மூணு தடவ வாசிக்கச் சொல்லிக் கத்துனாங்களே. மேடை மேல ஒரு கெழவரு ஏறி வந்து என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரே. அது? வாயைத் தொறந்து சொல்லு கண்ணு, சத்தம் வேண்டாம், சும்மா அசைச்சாப் போதும். ம். நீதானா. உன்ற கையா அது.

பேண்டுப் பசங்களுக்குத் தெரியுமா? எல்லாத்துக்குமா? அந்த டிரம்மு பையன் தெனமும் காலைத் தொட்டுக் கும்பிடறானே, அவனுக்குமா?

நான் உள்ள மூடுனேன். அவன் வெளிய மூடிட்டான். பாத்தியா, கெட்டிக்காரன். எனக்கு ஃபுல்லா வெச்சு, ஊருக்கு ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டான். என்ற பொட்டி, நான் சொல்லிக் குடுத்த வேலை. மூணு வருசம் ஒருநாளாவது பல்லைக் காட்டியிருப்பானா? 'அண்ணா, கேக்குதுங்களா அண்ணா'ம்பான். கேக்குதுடா அமலாம்பேன்.

இரு. அந்த ஆரம்பத்தை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? சிடியக் கேட்டெல்லாம் அது வராது. அந்த எறக்கத்துல வெரலை எங்க மாத்தறதுங்கறது பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் வரும். நானே அவன் கையப் பாத்துப் பாத்து மாசக்கணக்காத் திருடுனது. சொல்லு.

உன்னியா?

பாலக்காட்டுக்குப் போய்க் கத்துக்கிட்டியா? அமலனா கூட்டிட்டுப் போனான்?

அப்ப இன்னிக்கி அவன் என்னைக் கேக்க வர்றதில்ல. உன்னைக் கேக்க வர்றான். என்னைப் பாக்க மட்டும் வர்றான். முன்வரிசையில நாற்காலி போடச் சொன்னது நான். நல்லாத் தெரியற எடமாப் போடுங்கடான்னு சொன்னதும் நான்தான்.

ஏ கண்ணு, இந்தக் கிட்டாரைப் புடுங்கிச் சன்னல் வழியா வீசுனா என்ன பண்ணுவ? இறுக்கிப் புடிக்காத. வீசமாட்டேன். வீசுனா அங்க போயி யாரு வாசிக்கறது? நானா? வெளிய எனக்கு லைனே இல்லியே. தொறந்து விடச் சொல்லி அமலன்கிட்டக் கேட்டா, சிரிச்சுக்கிட்டே தொறந்துருவான். அதுக்குத்தான் அவன் காத்துக்கிட்டு இருக்கறான். இந்த வெரலை வெச்சுக்கிட்டு, உன்னி முன்னால, ஊரு முன்னால, அந்த எறக்கத்தை நான் வாசிக்கணுமாக்கும். அது ஆகாது. இப்படியே இருக்கட்டும்.

அவிய அம்மா இருக்குதா இன்னும்? அமலனோட அம்மா? இல்லியா. சரி விடு, எதுக்குக் கேட்டேன்னு தெரியல.

கருமத்தம்பட்டி வந்துருச்சு. இன்னும் சித்த நேரம்தான். நீ சொன்னதைக் கேளு கண்ணு... இல்ல, நான் சொல்றதை நீ கேளு. வாய் கொழறுது எனக்கு. ஸ்டாப்பு வந்ததும் நீ முன்னால எறங்கி நட. நான் ஒரு டீ குடிச்சுட்டுப் பொறகால வர்றேன். ஒட்டுக்கா வந்தம்னா அமலன் கண்டுக்குவான். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவன்கிட்ட மூச்சு விட்டுராத. தெரிஞ்சா அந்த மானிட்டரையும் மூடிருவான். அதை மட்டும் மூட வேண்டாம். எனக்குன்னு கேக்கறது அது ஒண்ணுதான்.

வழக்கம்போல நீ துணிக்குப் பொறகால உக்காந்து வாசி. நான் மேடையில நிக்கறேன். ஜனங்க என்ற மூஞ்சியத்தான பாப்பாங்க? படத்துலயும் என்ற மூஞ்சிதான வரும்?

ஒரே ஒரு ஒத்தாசை பண்ணு சாமி. அந்தக் கடைசி எறக்கம் வருதுல்ல, அங்க மட்டும் கொஞ்சம் மெதுவாப் போ. நீ போற வேகத்துக்கு என்ற கை எட்டாது. உன்னி முன்வரிசையில உக்காந்து என்ற வெரலையே பாத்துக்கிட்டு இருப்பான்.